பவுனுக்கு எடுத்த வெள்ளை கவுன்

16 டிசம்பர் 1936, புதன்

மார்கழி பிறந்துவிட்டது. விடியலில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கோயிலில் பாடியதில் தொண்டை கட்டிக்கொண்டது. தம்பி கன்னையாவுக்கு ஒரே கொண்டாட்டம். "சாமிக்குக் காது வலிச்சிருக்கும் அக்கா, அதான் உன் வாய அடைச்சிருச்சு" என்கிறான். ரயில்வேயில் பென்ஷன் வாங்கி, கோட்டர்ஸைக் காலி செய்து கோலாலம்பூரின் இந்தப் பின்தெருவுக்கு வந்ததிலிருந்து அவனுக்கு வேறு வேலை இல்லை. பேப்பர் படிப்பான், என்னைக் கிண்டல் செய்வான். நான் இருமிக்கொண்டே திட்டினேன்.

20 டிசம்பர், ஞாயிறு

காலை ரயிலில் கிள்ளானிலிருந்து பக்கிரிசாமி வந்தார். தம்பி மகள் பவுனம்மாளின் வீட்டுக்காரர். துறைமுகக் கிட்டங்கியில் வேலை. ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டு வெகுநேரம் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். எதையோ கேட்க வந்திருக்கிறார் என்று அப்போதே தெரிந்தது.

"எங்க மக ராஜம்மாவுக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல எடம் இருக்குன்னாங்க மாமா. கவர்மெண்டுல இருந்தவங்க யாராச்சும் குடும்பத்தப் பத்திக் கடுதாசி குடுக்கணுமாம். மாசக் கடைசிக்குள்ள."

தம்பி பேப்பரை மடித்தான். "அவ அம்மாள அனுப்பிப் பாத்தாச்சு மாப்ள. மூணு நாளு போனா."

"அது பழைய கதை மாமா."

"கதை பழசு, புத்தி பழசாகுமா? தொரை வீட்டு வாசல்ல ஒரு வாரம் நின்னு எடம் வாங்குனேன். உடுப்பையும் நாசம் பண்ணிட்டு, புருசன எழந்துட்டு வந்து நிக்கிற என் அக்கா மேல பழியவும் போட்டா. அப்படிப்பட்டவ வளர்க்கிற பொண்ணு நல்ல பொண்ணுன்னு நான் எழுதிக் குடுக்கணுமா?"

பக்கிரிசாமி என்னைப் பார்த்தார். "நீங்களாச்சும் சொல்லுங்க பெரியம்மா."

தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். பேச முடியாதாம். காபி போட மட்டும் முடிந்தது.

21 டிசம்பர், திங்கள்

கோயிலுக்குப் போகவில்லை. மார்கழியில் நான் போகாதது இதுதான் முதல் தடவை.

23 டிசம்பர், புதன்

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது எழுதாவிட்டால் எனக்கு மூச்சு முட்டிவிடும்.

இருபத்து நான்கு வருசம் ஆகிறது. அப்போது பவுனுக்குப் பதினோரு வயசு. என் வீட்டுக்காரர் ரயில் லைனில் அடிபட்டுப் போய், நான் தம்பி வீட்டுக்கு வந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. தம்பி பெண்டாட்டி மாரியாயி எட்டு மாதம். நடக்க முடியாது. அதனால் பள்ளிக்கூட உடுப்பு வாங்க என்னைத்தான் பிள்ளையோடு அனுப்பினார்கள். ரிக்‌ஷாவில் போனோம். பவுனு சீட்டில் உட்காரவே இல்லை. போகிற வழியெல்லாம் எழுந்து எழுந்து கடைகளைப் பார்த்தாள்.

பத்து ரோடு என்கிற கடைத்தெருவில் ஒரு பாய் கடை. வாசலிலேயே தையல் மிஷின் போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். துணியை வாங்கி அவரிடம் கொடுத்தால் நாலு நாளில் தைத்துக் கொடுப்பார். பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னதுமே பாய் வெள்ளைத் துணியை எடுத்துப் போட்டார். மொடமொடவென்று, கஞ்சி வாசனையோடு.

"கணுக்கால் வரைக்கும் தச்சுத் தரக் கூடாதா பாய்? வயசு வரப்போற புள்ள."

"முட்டிக்குக் கீழ நாலு விரக்கட அக்கா. அதுக்கு மேல எறங்குனா வெள்ளக்காரம்மா திருப்பி அனுப்பிரும். தெனம் ரெண்டு பேரு அழுதுக்கிட்டு வராங்க என்கிட்ட."

"தாவணியாச்சும் கலர்ல உண்டா?"

"தாவணி எதுக்குக்கா? இது கவுனு!" தையல்காரர் நூலைப் பல்லில் கடித்தபடி சிரித்தார். பவுனுக்கு வெட்கம் தாங்கவில்லை. என் முழங்கையைக் கிள்ளினாள்.

நாலு நாள் கழித்துப் போய் வாங்கினோம். திரைக்குப் பின்னால் போட்டுப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"அத்தை, பாத்தியா, நானும் உன்ன மாதிரியே வெள்ள!"

என் சேலை வெள்ளை. அவள் உடுப்பு வெள்ளை. பக்கத்தில் நிற்கிறோம். ஒரு பொட்டு நிறம் இல்லை அந்தப் பிள்ளையின் மேலே.

நம் வீட்டில் புதுத்துணி என்றால் ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைத்துவிட்டுத்தான் உடுத்துவது. மாரியாயிக்கு அந்த வயிற்றோடு ஒன்றும் ஞாபகம் இல்லை. பவுனோ "இதுல மஞ்சள் வைக்கக் கூடாது அத்தை, வெள்ளையா இருந்தாத்தான் உள்ள விடுவாங்க" என்று என் கையைப் பிடித்துச் சொன்னாள். சொன்னாளே. கேட்டேனா?

முதல் நாள் விடியலில் கவுனின் பின்பக்க மடிப்பைத் திருப்பி, உள்ளே, ஒரு விரல் மஞ்சள் குழைத்து வைத்தேன். நான் வைக்கவே கூடாதவள். தாலி அறுத்தவள் பிள்ளையின் புதுத்துணியில் மங்கலம் வைக்கலாமா? தெரியும். தெரிந்துதான் ஒருவருக்கும் தெரியாமல் வைத்தேன்.

25 டிசம்பர், வெள்ளி

மிச்சத்தையும் எழுதுகிறேன்.

இரண்டு நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் மழை. நனைந்துகொண்டே போனாளாம். மடிப்புக்குள் இருந்த மஞ்சள் ஊறி வெளியே வந்துவிட்டது. டீச்சரம்மா பார்த்துவிட்டு, குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவு என்றிருக்கிறார். மஞ்சளில் சோப்புப் பட்டால் என்ன ஆகும்? எனக்குத் தெரியும், அந்த வெள்ளைக்காரிக்குத் தெரியுமா? சிவப்பாகிவிட்டது. தேய்க்கத் தேய்க்க ரத்தம் போல. பின்பக்கம் வேறு. பெரிய பிள்ளைகள் பார்த்துவிட்டுச் சிரித்திருக்கிறார்கள். என்ன சொல்லிச் சிரித்திருப்பார்கள் என்று எழுதத் தேவையில்லை.

சுத்தமான உடுப்போடு வரச் சொல்லிச் சீட்டு எழுதி, பியூனோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பியூன் எல்லார் வீட்டு வாசலையும் தாண்டித்தானே கூட்டி வந்தான்.

தம்பி வேலையிலிருந்து வந்தான். சீட்டைப் படித்தான். "யாரு இதுல மஞ்சள் வச்சது?"

பவுனு என்னைப் பார்த்து, "அத்தைதாம்பா" என்றாள்.

மாரியாயி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். என் கையை மட்டும் பார்த்தாள். அவள் வயிற்றில் பிள்ளை. அறுத்தவள் மஞ்சளைத் தொட்ட வீட்டில் பிள்ளை பிறக்குமா என்று அவள் நினைப்பது எனக்குக் கேட்டது. என்னை எங்கே அனுப்புவார்கள்? ஊரில் யார் இருக்கிறார்கள்?

நான் சொன்னேன்: "வெள்ளச்சேலை கட்டுனவ நானு. மஞ்சளத் தொடுவேனா தம்பி?"

அய்யோ, எவ்வளவு சுலபமா வாயில வந்துச்சு. அழுகையும் கூடவே வந்துச்சு. பாவி, நெஜமான அழுகை!

தம்பி பெல்ட்டை எடுத்தான். புருசன் இல்லாதவள்மேல் பழி போடுகிற வாய்க்கு இங்கிலீஷ் எதற்கு என்றான். அடி வாங்கும்போதும் பவுனு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான், பள்ளிக்கூடம் முடிந்தது. பதினைந்தில் கல்யாணம். மாரியாயிக்கு நல்லபடியாகத்தான் பிரசவம் ஆனது. அதற்குப் பிறகாவது சொல்லியிருக்கலாம் இல்லையா? நாளைக்கு, அடுத்த வெள்ளிக்கு, மாரியாயி காலத்துக்குப் பிறகு... எத்தனை விளக்கு போட்டேன்! எத்தனை விரதம்! சாமிகிட்ட ஆயிரம் தடவை சொன்னேன். சொல்ல வேண்டிய ஆளு கூடத்துல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தான்.

28 டிசம்பர், திங்கள்

இன்றைக்குச் சொல்லலாம் என்று போனேன். "என்னக்கா?" என்றான். "பாசாருக்குப் போகணும், முருங்கைக்காய் வேணுமா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

மூன்று நாள்தான் இருக்கிறது.

29 டிசம்பர், செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

காலையில் இட்லி வைத்துவிட்டு, உட்காராமல் நின்றுகொண்டே, "தம்பி, அந்த மஞ்சள் நான் வச்சது" என்றேன்.

"எந்த மஞ்சள்?"

அவனுக்கு ஞாபகமே வரவில்லை. நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பாய் கடை, கவுன், மடிப்பு. பாதியில் அவன் கை இட்லியிலேயே நின்றுவிட்டது.

"ஏன் சொல்லல?"

"மாரியாயி இருந்தா. என்னப் போகச் சொல்லிருவீங்கன்னு..."

"போகச் சொல்லியிருப்பேனா நான்?"

இலையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான்: "அன்னைக்கே சொல்லியிருந்தா வேற கவுன் எடுத்துக் குடுத்திருப்பேன் அக்கா. அவ்வளவுதானே."

அவ்வளவுதானே.

கையைக் கழுவிவிட்டுக் காகிதமும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தான். எழுதினான், கிழித்தான், மறுபடி எழுதினான். கோட்டைப் போட்டுக்கொண்டு கிள்ளான் ரயிலுக்குப் போய்விட்டான். இலையில் இரண்டு இட்லி அப்படியே இருந்தது.

பொழுது சாயும்போது வந்தான். நான் கேட்காமலே சொன்னான்: "அவகிட்ட மன்னிப்பு கேட்டேன். கடுதாசியத்தான் ரெண்டு தரம் மடிச்சு மடிச்சு இடுப்புல சொருகுனா."

"என்னப் பத்தி?"

"கேக்கல."

3 ஜனவரி 1937, ஞாயிறு

ராஜம்மாவுக்கு உடுப்பு எடுக்க எல்லாரும் கோலாலம்பூர் வந்திருக்கிறார்கள் என்று தம்பி கிளம்பினான். மார்கழியில் புதுத்துணி எடுப்பார்களா என்று வாய் வரை வந்தது. கடித்து விழுங்கினேன். போகிற வழியில் சாப்பிட இங்கே வருவார்கள் என்று நினைத்து எட்டுப் பேருக்கு உலை வைத்தேன்.

தம்பி மட்டும் வந்தான். "அவங்களுக்கு ரயிலுக்கு நேரமாயிருச்சு" என்றான். நின்றபடியே இன்னொன்றும் சொன்னான். ராஜம்மா கடையில், "அத்தைப் பாட்டி வரலியா, அவங்க நல்லா பேரம் பேசுவாங்களாமே" என்று கேட்டதாம். பவுனு, "இல்ல, நம்மளே எடுத்துக்கலாம்" என்றாளாம்.

கோபமாகச் சொன்னாளா என்று கேட்டேன். இல்லை, சும்மாதான் சொன்னாள் என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

18 ஜனவரி, திங்கள்

இன்று ராஜம்மா பள்ளிக்கூடம் சேர்ந்தாள். நல்ல வெயில். மழை இல்லை.

22 ஜனவரி, வெள்ளி

பக்கிரிசாமியிடமிருந்து கார்டு. பிள்ளை தினம் ஒழுங்காகப் போகிறாள், ஏ-பி-சி முழுக்கச் சொல்கிறாள் என்று எழுதியிருக்கிறார். தம்பி இரண்டு தரம் சத்தமாகப் படித்தான். கடைசி வரியை மட்டும் படிக்காமல் கார்டை என்னிடம் கொடுத்தான்.

எல்லா வருசமும் தைப்பூசத்துக்கு முதல் நாள் அவர்கள் குடும்பம் வந்து இங்கே தங்கும். நான் இந்த வருசமும் காலையிலேயே போர்வைகளைத் துவைத்து வாசல் கொடியில் போட்டிருந்தேன். கடைசி வரி இது: இந்த வருஷம் நாங்கள் நேராகப் பத்துமலைக்குப் போகிறோம், மாமாவை அங்கே பார்த்துக்கொள்கிறோம், பெரியம்மாவைக் காத்திருக்க வேண்டாம் என்று பவுனு சொல்லச் சொன்னாள்.

மேற்கே இருட்டிக்கொண்டு வருகிறது. போர்வைகளை எடுக்க வேண்டும்.