ஓடட்டும் அந்த ஃபேன்

சம்பந்தியம்மா,

மார்கழி முடியப்போகிறது. கடலூர்க் காற்றில் ஈரம் ஊறி, வீட்டில் எல்லோரும் போர்வைக்குள் கிடக்கிறார்கள். நேற்று சாயங்காலம் உங்கள் மகள் கூடத்துக்கு வந்து, "குளுருது அத்தை, ஃபேன நிறுத்திடவா?" என்று சுவிட்சில் கை வைத்தாள். "வேணாம்மா, ஓடட்டும்" என்றேன். அவள் கை அப்படியே நின்றது. "எங்கம்மாவும் இப்பிடித்தான் சொல்லும்" என்றாள்.

உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டாயிரத்து ஏழு தை மாதம், சிதம்பரத்தில் உங்கள் வீட்டில் நிச்சயதார்த்தம். தட்டு மாற்றும் நேரத்தில் யாரோ ஒரு பெரியவர் குளிர் தாங்காமல் ஃபேனை நிறுத்தச் சொன்னார். "ஓடட்டும்" என்று இரண்டு குரல் சேர்ந்து வந்தது. ஒன்று உங்களுடையது, ஒன்று என்னுடையது. சால்வை போர்த்திய சபையில் நாம் இருவர் மட்டும் பட்டுப்புடவை நனைய வேர்த்துக்கொண்டிருந்தோம்.

காபி ஆற்றும் சாக்கில் என்னை அடுப்பங்கரைக்கு அழைத்துப்போனீர்கள். சுற்றிவளைக்கவில்லை. "எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டீர்கள்.

"இடது. உங்களுக்கு?"

"வலது. ஆபரேஷன் ஆயி மூணு வருஷம் ஆவப்போவுது. தெனம் அந்த மாத்திரதான், இந்த வேர்வதான்."

நானும் அதே மாத்திரைதான். மார்பில் வந்த புற்று மறுபடி வராமலிருக்க ஐந்து வருடம் விழுங்கச் சொன்ன ஹார்மோன் மாத்திரை.

"தாய்க்கு வந்தது பொண்ணுக்கும் வரும்னு நீங்க எந்திரிச்சுப் போயிடுவீங்களோன்னு மறச்சேன்" என்றீர்கள்.

"மாமியாளுக்கு ஆயா வேல பாக்கவா பொண்ணு குடுக்கறோம்னு கேப்பீங்கன்னு நானும் மறச்சேன்" என்றேன்.

சிரித்தோம். அழுகையும் வந்தது. கல்யாணம் நடக்கட்டும், யாரும் வாய் திறக்க வேண்டாம் என்று அங்கேயே முடிவானது. வெளியூர் வேலையில் இருந்த என் மகனிடமே கர்ப்பப்பை ஆபரேஷன் என்றுதான் சொல்லிவைத்திருந்தோம், நானும் அவன் அப்பாவும்.

ஊரில் சம்பந்திகள் சண்டை போடுவார்கள். நாம் போனில் வேர்வையையும் முட்டி வலியையும் பேசித் தீர்த்தோம். உங்களுக்கு எல்லாவற்றிலும் ஒரு நக்கல். மாத்திரை முடிந்த அன்று, "நான் பாஸாயிட்டேன் சம்பந்தி, நீங்கதான் இன்னும் பெஞ்சு மேல" என்றீர்கள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது. கேட்காமல் இருந்தால் தேவலை.

அதற்கடுத்த இரண்டு வருடத்தில் உங்களுக்கு இடுப்பு வலி. பேத்தியைத் தூக்கித் திரிந்ததால் என்றுதான் எல்லோரும் சொன்னோம். புற்று எலும்பில் வந்திருந்தது. மகளிடம் உங்கள் கதையைச் சொல்லிவிட்டு, போன ஆவணியில் கண்ணை மூடினீர்கள். கடைசியாகப் பார்த்தபோது என் கையைப் பிடித்து, "என்னுத சொல்லிட்டேன். உங்குளுத சொல்லல. அது நீங்கதான் சொல்லணும். பொறந்திருக்கறது பொட்டப் புள்ள" என்றீர்கள்.

அடுப்பங்கரையில் நின்றபோது நமக்குக் கல்யாணம்தான் பெரிதாக இருந்தது. இரண்டு வீட்டு நோயும் ஒரு குழந்தையிடம் போய்ச் சேரலாம் என்று தோன்றவே இல்லை.

எனக்கு ஐந்து வருடம் முடிந்ததும் டாக்டர் வேறு மாத்திரை எழுதி, இன்னும் ஐந்து வருடம் என்றார். வேர்வை விடவில்லை. நீங்களும் விடவில்லை.

நேற்று உங்கள் மகள் ஃபேனை நிறுத்தவில்லை. தூங்கும் குழந்தைக்கு இன்னொரு போர்வை போர்த்திவிட்டு, வேர்த்திருந்த என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று கேட்பாள். உங்கள் குரலில், அடுப்பங்கரையில் நீங்கள் கேட்ட அதே இரண்டு வார்த்தையில் கேட்டுவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. இடது என்று சொல்ல வேண்டும். காலையிலிருந்து வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன்.