ரயில்வே கேட்டில் அப்பாவும் கார்மெல்லாவும்

அன்பு மகள் தார்யாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே கனடாவில், தண்டர் பே ஊரில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளையும் அதைவிட ஒரு பங்கு கூடுதல் சுகமாக இருக்க வேண்டும். அப்பாவுடைய சுகம் எந்த வகைச் சுகம் என்பதைக் கொஞ்சம் விவரமாகத்தான் சொல்ல வேண்டும், ஆகவே அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு உட்கார். ஏரி ஓரமாக உறைந்துவிட்டது, பக்கத்து வீட்டு இர்மா வழக்கம்போல் முதல் பனியிலேயே வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், நீ அனுப்பிய கம்பளித் தொப்பி எனக்குப் பொருந்தவில்லை, அப்பாவுக்குப் பொருந்துகிறது, அதில் பூ இருப்பதை அவர் இன்னும் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நீ ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்யும்போது அப்பா நல்லா இருக்கேன் என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு போனை என் கையில் திணித்துவிடுகிறார், உனக்கு அது பிடிக்கவில்லை என்று தெரியும். போன குளிர்காலத்தில் அவர் ஓட்டிய சரக்கு ரயில் மேற்கு கேட்டில் ஒரு வேன் மேல் மோதியதே, அதிலிருந்து ஆரம்பித்ததுதான் எல்லாம். வேன் பனியில் சிக்கித் தண்டவாளத்தின் மேலேயே நின்றுவிட்டது, அப்பா ஊதுகிறார், பிரேக்கை இழுக்கிறார், அவ்வளவு நீள ரயில் நினைத்த இடத்தில் நிற்குமா? வேனை ஓட்டி வந்த கார்மெல்லா கடைசி நொடியில் குதித்துவிட்டாள். அவள் முடிவெட்டும் கடை வைத்திருப்பவள், வண்டி நிறைய ஷாம்பூ டப்பாக்கள், அத்தனையும் உடைந்து தண்டவாளம் முழுக்க நுரை. வந்த போலீஸ்காரர் இவ்வளவு வாசனையான விபத்தை நான் பார்த்ததே இல்லை என்றாராம். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அப்பாவும் அன்று வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டேதான் கதை சொன்னார், காப்பி குடித்தார், தூங்கினார்.

அதற்கப்புறம்தான் அவருடைய உடம்பு தனியாக வேலை செய்ய ஆரம்பித்தது. டோஸ்டரிலிருந்து ரொட்டி எகிறினால் இவரும் எகிறினார். சர்ச்சில் காப்பி நேரத்தில் யாரோ ஒரு தட்டைக் கீழே போட்டார்கள், திரும்பிப் பார்த்தால் அப்பா மேசைக்கு அடியில், பாதிரியாரின் கையைப் பிடித்து இழுத்து அவரையும் உள்ளே சேர்த்துக்கொண்டிருக்கிறார். பாதிரியார் நல்ல மனிதர், கையிலிருந்த ஏலக்காய் ரொட்டியை அங்கேயே உட்கார்ந்து தின்று முடித்துவிட்டு வெளியே வந்தார். நான் கார் ஓட்டினால் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கால்விரிப்பில் ஓட்டை போட்டுவிட்டார். ஒருநாள் தூக்கத்தில் அவர் முழங்கை என் மூக்கில் பட்டது, அன்றிலிருந்து கொல்லையில் நாம் நீராவியில் வேர்த்துக் குளிக்கும் சௌனாக் குடிலின் முன்னறையில் படுக்கையைப் போட்டுக்கொண்டார். உங்க ரெண்டு பேருக்கும் சண்டையா என்று இர்மா கேட்டாள், வேர்த்துக் குளிக்கிறதுல அவருக்கு அவ்வளவு பக்தி என்று சொல்லிச் சமாளித்தேன். சிரித்துச் சமாளித்தேனே தவிர, உள்ளே எனக்கு எப்படி இருந்தது என்று நீயே நினைத்துப் பார்.

அவரைக் கொன்றது பயம் இல்லையம்மா, வெட்கம். யாராவது செத்திருந்தாலாவது இதுல ஒரு நியாயம் இருக்கு, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல, எனக்கு மட்டும் என்ன கேடு வந்துச்சு என்று கேட்பார். நம் ஊர் ஃபின்லாந்துக்காரர்களுக்கு வாயைத் திறப்பதே கஷ்டம், அதிலும் உன் அப்பா. இலையுதிர் காலத்தில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஹெல்வி, இனிமே நான் இன்ஜின்ல ஏற மாட்டேன், வேலைய விட்டுடறேன் என்றார். ரயில் சத்தத்தைக் கேட்டே எந்த இன்ஜின் என்று சொல்லும் மனிதர் அதைச் சொல்லிவிட்டு உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, விடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு டாக்டரைப் பாத்துட்டு விடுங்க என்று நான் சொன்னேன். அழுது சொல்லவில்லை, அதட்டித்தான் சொன்னேன்.

டாக்டரின் பெயர் ஓடில், பிரெஞ்சுக்காரப் பெண், உன் வயதுதான் இருக்கும். அப்பாவின் விரல்களில் கம்பிகளை ஒட்டி ஒரு திரையைப் பார்க்கச் சொன்னாளாம். அதில் கோபமான முகங்கள் கண்ணுக்கே தெரியாத வேகத்தில் வந்து போகும். அப்பா, வெறும் கட்டம் கட்டமாத்தான் தெரிஞ்சுது, மெஷினு ரிப்பேரு என்று சொல்லியிருக்கிறார். ஆனால் ஒவ்வொரு முகத்துக்கும் அவர் கை வேர்த்திருக்கிறது, நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து, ஹெல்வி, நான் ஒண்ணையும் பாக்கலயாம், ஆனா பயந்துட்டேனாம், இது எந்த ஊரு நியாயம் என்று சண்டை போட்டார். அடுத்த முறை டாக்டர் என்னையும் உட்கார வைத்து விளக்கினாள். பிடரிக்குள்ளே மூளையும் முதுகெலும்பும் சேரும் இடத்தில் மூளைத்தண்டு இருக்கிறது, மூச்சு, நெஞ்சுத்துடிப்பு, விழிப்பு எல்லாவற்றையும் அதுதான் பார்த்துக்கொள்கிறது, அது யோசிப்பதற்கெல்லாம் காத்திருக்காது, ஆபத்து என்று தோன்றினால் நமக்குத் தெரிவதற்கு முன்பே உடம்பைக் கிளப்பிவிடும். யாருக்கும் அடிபடலங்கறது உங்களுக்குத் தெரியும், அதுக்குத் தெரியாது, அது இன்னும் அந்த பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்குது, டூட்டி முடிஞ்சதுன்னு அதுக்கு யாரும் சொல்லல என்றாள். அப்பா அவளிடம், அப்ப நான் கோழை இல்லயா என்று கேட்டார். இல்லை என்றாள். அவர் ஒரு தும்மல் போட்டார், தும்மல் இல்லை அது, நீயும் நானும் பார்த்தால் தெரிந்துகொள்வோம்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரே பயிற்சிதான். பாதத்தைத் தரையில் அழுத்துவது, தலையை மெல்லத் திருப்பி அறையைச் சுற்றிப் பார்ப்பது, இழுத்த மூச்சைவிட இரண்டு பங்கு நேரம் ம்ம்ம் என்று முனகிக்கொண்டே வெளியே விடுவது. சௌனாக் குடிலிலிருந்து இந்த முனகலைக் கேட்டு இர்மா கொல்லையில் கடமான் புகுந்துவிட்டது என்று வேலியோரம் விளக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

இப்போதுதான் கதை சூடு பிடிக்கிறது. ஒருநாள் டாக்டரின் அறைக்கு வெளியே காத்திருக்கிறோம், எதிர் நாற்காலியில் யார் தெரியுமா, கார்மெல்லா! இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததும் ஒரே நேரத்தில் மன்னிச்சுக்கங்க என்றார்கள், மறுபடியும் ஒரே நேரத்தில் இல்ல இல்ல நான்தான் என்றார்கள், நான் நடுவில் புகுந்திருக்காவிட்டால் இந்நேரமும் அங்கேயே நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கார்மெல்லா இத்தாலிக்காரக் குடும்பம், வாய் ஓயாது, ஆனால் அவளுக்கு வந்திருப்பது அப்பாவுக்கு நேர் எதிர். கேட்டில் மணி அடித்தால் அவள் உடம்பு அணைந்துவிடுகிறது, கண் திறந்திருக்கும், கூப்பிட்டால் கேட்காது, கை கால் மரத்துவிடும். பருந்தைப் பார்த்த முயல் செத்ததுபோல் கிடக்குமே, அந்த மாதிரி, அதுவும் அதே மூளைத்தண்டின் வேலைதானாம். ஒருமுறை கடையில் இருக்கும்போது அந்த மணிச் சத்தம் கேட்டு, வாடிக்கையாளருக்குப் பாதித் தலை முடியை வெட்டிவிட்டு அப்படியே நின்றுவிட்டாளாம். அந்தம்மா அதுதான் புது ஸ்டைலுன்னு நெனச்சுக் காசு குடுத்துட்டுப் போயிடுச்சு என்று அவளே சொல்லிச் சிரித்தாள். அப்பா சிரித்தார் தார்யா. பல மாதத்துக்கு அப்புறம் பல் தெரிய.

இரண்டு பேரும் சேர்ந்து கேட்டுக்குப் போய்ப் பார்ப்பது என்று முடிவானது. டாக்டர் சும்மா அனுப்பவில்லை, முதலில் படம் காட்டி, பிறகு மணிச் சத்தத்தை மெல்லக் கேட்கவைத்துப் பழக்கித்தான் அனுப்பினாள். போன வாரம் நான் காரை எடுத்தேன், இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி பின்சீட்டில். கேட்டுக்குத் தள்ளி ஓரமாக நிறுத்தி, காப்பியை ஊற்றிக் கொடுத்தேன். கார்மெல்லா தன் சித்தி மகள் கல்யாண கேக் சரிந்து விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள், மணி அடித்தது, கேக் கதை பாதியில் நின்றுவிட்டது. கண்ணாடியில் பார்க்கிறேன், அப்பாவின் முகம் சுண்ணாம்பு, கை கதவுப்பிடியில், கால் தரையை மிதிக்கிறது, ஓடப்போகிறார் என்றே நினைத்தேன். கதவும் திறந்தது. எனக்கு உயிர் போய்விட்டது. ஆனால் ஓடவில்லை, குனிந்து ஒரு கைப்பிடி பனியை அள்ளிக்கொண்டு உள்ளே வந்தார், சிந்தப்போன காப்பிக் கோப்பையை அவள் கையிலிருந்து வாங்கி என்னிடம் நீட்டினார், பனியை அவள் உள்ளங்கையில் வைத்து மூடினார். கார்மெல்லா, இங்க பாரு, சில்லுனு இருக்கா, நான் ரைமோ, உன் வேனை இடிச்சவன் என்றார். பிறகு அவளுக்காக அந்தக் கடமான் முனகலை ஆரம்பித்தார், நீளமாக, நிதானமாக. ரயில் வந்தது, ஊதியது, கார் அதிர்ந்தது, பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது, இவர் நிறுத்தவில்லை, அவள் விரல் அசைகிறதா என்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவள் கண் சிமிட்டினாள், அவரை மேலும் கீழும் பார்த்தாள், என்னங்க ரைமோ, உங்க தலைமுடிய யாரு வெட்டினா, எலி கொறிச்ச மாதிரி இருக்கே என்றாள். கல்யாணமான நாள் முதல் அந்தத் தலைக்கு முடி வெட்டுகிறவள் நான்தான் என்பது உனக்குத் தெரியும். சண்டைக்குப் போவதா அழுவதா என்று தெரியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்பா நிமிர்ந்து ஜன்னல் வழியே வெறும் தண்டவாளத்தைப் பார்த்தார். ஏன் ஹெல்வி, ரயில் போயிடுச்சா என்றார்.

இதோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. டோஸ்டருக்கு இன்னும் துள்ளுகிறார், ஆனால் துள்ளிவிட்டு உட்கார்ந்து ரொட்டியைச் சாப்பிடுகிறார், முன்பெல்லாம் அன்றைய பொழுதே போய்விடும். துள்றது தப்பே இல்ல, இறங்கி வர்றதுதான் முக்கியம் என்கிறாள் டாக்டர். வசந்த காலத்தில் ரயில் யார்டில் பெட்டிகளை இழுத்துச் சேர்க்கும் சின்ன இன்ஜினில் ஆரம்பிக்கலாம் என்று ஆபீஸில் சொல்லியிருக்கிறார்கள், பெரிய ரயில் அப்புறம், அல்லது இல்லை, பார்க்கலாம். வேலையை விடும் பேச்சு மட்டும் இப்போது இல்லை. படுக்கை வீட்டுக்குள் வந்துவிட்டது, நான்தான் மூக்குக்கும் முழங்கைக்கும் நடுவே ஒரு தலையணை வைத்துக்கொள்கிறேன்.

மத்தியான வெயில் நன்றாக இருக்கிறது. அப்பா கூடத்து சோபாவில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். விபத்துக்குப் பிறகு எங்கே உட்கார்ந்தாலும் வாசலைப் பார்த்தபடிதான் உட்காருவார், சாப்பாட்டுக் கடையில்கூட இடம் மாற்றச் சொல்லி எல்லாரையும் எழுப்பிவிடுவார். இன்று வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூங்குகிறார், நான் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் நூறாண்டு ஒற்றுமையாக வாழ வேண்டும், கடவுள் உங்கள் கூரையைக் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி டூட்டி முடிந்து வந்ததும் காப்பி குடிக்காதே. இர்மாவின் பிறந்தநாளுக்கு அட்டை அனுப்ப மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா மூன்றாவது வார்த்தை பேசினால் ஆச்சரியத்தைக் காட்டிக்கொள்ளாதே.

இப்படிக்கு,
தபால் பெட்டிக்குப் போக வாசல் கதவைச் சத்தமில்லாமல் திறக்கும்
உன் அம்மா ஹெல்வி