வசந்தா கையால் பொங்கல்

1968 ஆடி, ஞாயிறு.

கோபம் இன்னும் அடங்கவில்லை. பங்குனியில் எனக்கும் மகள் ராணிக்கும் ஒன்றாக அம்மை போட்டது. மாமியார் பயந்துபோய்க் கவரைப்பேட்டையில் இருக்கும் தன் மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். புருஷனை இழந்த என் தங்கை வசந்தாதான் வந்து ராப்பகலாகப் பார்த்துக்கொண்டாள். நாங்கள் பிழைத்தால் பெரியபாளையத்தாளுக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டதும் அவள்தான்.

இன்று கோயிலில் வசந்தா அடுப்பில் பானையை ஏற்றப்போனாள். மாமியார் அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"தாலி அறுத்தவ சாமி பானையத் தொடலாமா? தள்ளி நில்லுடி."

என் கணவர் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வசந்தா எழுந்து போனாள்.

"நீங்க பயந்துக்கினு ஓடிட்டீங்க அத்தே. எங்க ரெண்டு பேரையும் தொட்டுத் தூக்கின கை அது. அப்ப இன்னா தீட்டு பாத்தீங்க?" என்று கத்திவிட்டேன்.

பானையை வாங்கினேன். வசந்தாவை இழுத்து வந்து கையில் கொடுத்தேன். அவள்தான் பொங்கினாள். மாமியார் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

பஸ்ஸில் கணவர் சொன்னார்: "நாலு பேர் எதிர்ல எங்கம்மாவ அசிங்கப்படுத்திட்டியே."

வசந்தா எழுந்து போனதை அவர் பார்க்கவில்லையா? பார்த்தார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.