போர்டுக்கு அடியில் இருந்த செய்தி

மேசையில் பழைய பேப்பரை விரித்து, அதன் மேல் உன் மகள் ஒரு பச்சைப் போர்டை வைத்திருக்கிறாள். இரண்டு தீப்பெட்டியைச் சேர்த்து வைத்த அளவுதான். அதுவும் ஒரு கம்ப்யூட்டராம். அதைத் தொடாமல் காவல் இருப்பதுதான் இந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை. போர்டின் ஓரத்தில் "பட்டாசு ஆலையில்" என்பது வரை தெரிகிறது. மீதிச் செய்தி போர்டுக்கு அடியில் கிடக்கிறது. அதைப் பார்த்ததும் உன் நினைவு வந்துவிட்டது.

ஆமாம் கூட்டாளி, நான்தான் எழுதுகிறேன். நீ போய்ச் சேர்ந்த பிறகு உன் மகள்தான் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் ஒரு 'ழ' போட்டு முடித்ததும் பேனாவைக் கீழே வைத்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவ்வளவு சந்தோஷம். நீ இருந்தால் கேலி செய்தே கொன்றிருப்பாய்.

என் மகனுக்கு இப்போது ஆலையின் மருந்து ரூமில், பட்டாசு மருந்து கலக்குகிற வேலை. நாளை காலை ஆலை திரும்பத் திறக்கிறது. அந்த ரூமின் வெளிச்சுவரில் மாட்ட இவள் ஒரு பெட்டி செய்கிறாள். சூடு அளவு மீறினால் மணி அடிக்கும், எல்லோரும் வெளியே வந்துவிடலாம். பெட்டிக்குள் இந்தப் போர்டுதான் இருக்கும். இவள் எழுதியதைப் போர்டுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பதற்குப் பெயர் கம்பைலர். அது காலையிலிருந்து பாதியில் பாதியில் நின்றுவிடுகிறது. பெட்டி இல்லாவிட்டாலும் ஆலை திறக்கும். அவனும் போவான்.

"கம்பைலர் மறுபடி செத்துப்போச்சு மாமா" என்றாள்.

"சாகுற பேச்செல்லாம் வேண்டாம்மா. நின்னுபோச்சுன்னு சொல்லு."

"சரி. நின்னுபோச்சு."

சாப்பிட்டுக்கொண்டிருந்த என் மகன் சிரித்தான். "அப்பா, நீங்க இப்படி முறைச்சுக்கிட்டே உக்காந்திருந்தா அது பயந்துல்லா நிக்கிது."

அவனால் சிரிக்க முடிகிறது. நான் போர்டை மோந்து பார்த்தேன். சூடேறிய வாசனை வந்தது. நம் பிழைப்பில் சூடு என்றால் வேறு யோசனை வராதே. உன் மகளும் முதலில் சூட்டைத்தான் சந்தேகப்பட்டாள். டேபிள் ஃபேனைப் பக்கத்தில் வைத்தாள், கம்பைலர் நின்றது. சார்ஜரை மாற்றினாள், அப்போதும் நின்றது.

உனக்கு டீக்கடை பெஞ்சு ஞாபகம் இருக்கிறதா? கம்பெனி வேன் வரும் வரை நீ பேப்பர் படிப்பாய், நான் கேட்பேன். ஆனைக்குட்டம் அணையில் தண்ணீர், கல்யாண மண்டபத் திறப்பு, மிளகாய் விலை. நடுநடுவே ஒரு வாய் டீ உறிஞ்சுவாய். கடைசியில் பேப்பரை மடித்து, "இன்னைக்கு ஒண்ணும் விசேஷம் இல்லைலே, கிளம்பு" என்பாய். நானும் நிம்மதியாக வேனில் ஏறுவேன். எழுத்துத் தெரிந்து நானே பேப்பர் எடுத்த பிறகுதான், நீ உறிஞ்சிய இடங்களில் என்ன இருந்திருக்கும் என்று புரிந்தது. சில நாள் காலிக் கிளாஸையும் உறிஞ்சியிருக்கிறாய். எந்த ஆலை, எத்தனை பேர் என்பதையெல்லாம் விழுங்கிவிட்டு, நீயும் என்னோடு அதே வேனில்தானே ஏறினாய்?

மத்தியானம், உள்ளே நடந்ததைப் போர்டு தானே குறித்து வைத்திருந்த பதிவை அவள் தேடிப் படித்தாள்.

"மெமரி பத்தலை மாமா. நாலு பைலை ஒரே நேரத்துல எடுக்குது. இடம் இல்லாம திணறவும் உள்ளயே கம்பைலரை நிறுத்திருது. இனி ஒவ்வொண்ணா எடுக்கச் சொல்லிட்டேன்."

"எம்புட்டு நேரம் ஆகும்?"

"சாயங்காலம் ஆகிரும். நீங்க கொஞ்சம் படுங்க."

படுக்க முடியுமா? போர்டோடு இணைத்திருந்த திரையில் வரி நகர்ந்தால் மூச்சு வந்தது. நகராவிட்டால் அடுப்படிப் பக்கம் திரும்பி, "ஏம்மா, நின்னுட்டுது" என்றேன்.

"நிக்கலை மாமா. பெரிய பைலு. மெதுவாத்தான் போகும்."

எத்தனை முறை கேட்டேனோ. கடைசியில், "நீங்க எழுதுறதை விட வேகமாத்தான் போகுது மாமா" என்றாள். உன் வாய் அப்படியே அவளுக்கு.

விளக்கு வைக்கும் நேரத்தில் முடிந்தது. சூடு பார்க்கும் முனையைச் சுடுதண்ணீர் டம்ளரில் ஒட்டிப் பிடித்தாள். மணி அடித்த அடியில் நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அவள் போர்டை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

மேசையில் பேப்பர் மட்டும் இருந்தது. மீதியைப் படித்தேன். பழைய செய்தி, வேறு ஊர். மருந்து ரூம்தான். போனவர்களின் பெயர்களைப் போட்டிருந்தார்கள். உன்னைப் போல வேகமாகப் படிக்கிறவனாக இருந்தால் அவற்றைத் தாண்டி ஓடியிருப்பேன். நான் எழுத்துக் கூட்டுகிறவன். ஒவ்வொரு பெயரோடும் கொஞ்ச நேரம் இருக்க வேண்டியதாயிற்று.

இதை முடிக்கும்போது திங்கள்கிழமை காலை. இன்றைய பேப்பரும் வந்துவிட்டது. என் மகன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வேனுக்காக வாசல்படியில் உட்கார்ந்திருந்தான்.

"என்னப்பா போட்டிருக்கான்?"

மிளகாய் விலையைப் படித்தேன். அணையில் தண்ணீர் கூடியிருப்பதைப் படித்தேன். அதற்குக் கீழே இருந்ததற்கு வந்ததும் டம்ளரை எடுத்து உறிஞ்சினேன். உள்ளே டீ இல்லை.

"இன்னைக்கு ஒண்ணும் விசேஷம் இல்லைப்பா" என்றேன்.

அவன் என் டம்ளரைப் பார்த்தான். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேனில் ஏறினான்.