வாய்க்கால் போன வழி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும். இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் கொதிக்கிறது. அன்றைக்குத் தெருவில் நின்றவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு ஒருத்தரும் நான் அங்கே இல்லவே இல்லை என்று நழுவக்கூடாது. நகராட்சி இன்ஜினியர், அவரோடு டேப் பிடிக்க வந்த ஆள், உங்கப்பா, உன் சித்தப்பா, சித்தி, எதிர்வீட்டு ரிட்டயர்டு கண்டக்டர், தையல்கார அக்கா, நான்.

போன மழையில் நம் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றதே, பழைய வாய்க்கால் மூடிப்போனதுதான் காரணம் என்று ஆபீசில் இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதைத் திரும்பத் தோண்டப்போகிறார்களாம், மேலே வீடு இருந்தால் இடிப்பார்களாம். இது ஊருக்கு வெளியே வெறும் செங்கல் சூளையாகக் கிடந்த காலத்தில் யார் வரைபடம் போட்டு வைத்தார்கள், அதனால் பழைய ஆட்களே கைகாட்டுங்கள் என்றார் இன்ஜினியர். சூளைக்கு மண் எடுத்த பள்ளத்தில்தான் நாம் எல்லாரும் வீடு கட்டினோம், தையல்கார அக்கா ஒருத்திதான் மேட்டில் கட்டினாள். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வாய்க்கால் வழியாகப் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு ஓடைக்குப் போகும். மனை போட்டவன் வந்தான், உடைந்த செங்கல் கொட்டிப் பள்ளத்தை நிரப்பி விற்றான், நாம் குடிவந்து சில வருஷம் கழித்து வாய்க்காலையும் மூடி விற்றான். நாம் மட்டும் சும்மா இருந்தோமா, பக்கத்து வீட்டைவிட நம் வாசல் ஒரு சாண் உசத்தியாக இருக்கணும் என்று ஆளாளுக்கு மண் அடித்தோம். ரோடு போட்டவன் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டான், கடைசியில் படியேறிப் போன வீட்டுக்கு இப்போது படியிறங்கிப் போகிறோம். தண்ணீர் எங்கே போகும் பாவம், அதுவும் நம்மோடு இறங்கி வருகிறது.

வாய்க்கால் போனது உன் சித்தப்பா வீட்டு அடுப்படிக்குக் கீழே. உங்கப்பா நேராகப் போய்த் தையல்கார அக்கா வீட்டைக் காட்டி, இப்படித்தான் சார் போச்சு என்றார். கண்டக்டர் வானத்தைப் பார்த்தார். சித்திக்கு அப்போதுதான் அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்தது. அக்கா மட்டும், அண்ணே, மழையில எல்லாரும் என் வீட்டுலதானே வந்து படுத்தீங்க, மேட்டுல எங்கண்ணே வாய்க்கால் ஓடும் என்று கேட்டாள். நான் பொறுக்கமாட்டாமல், சார், அது என் கொழுந்தன் வீட்டுக்குக் கீழே என்று சொன்னேன். உங்கப்பா சிரித்துக்கொண்டே, அவளை விடுங்க சார், வயசாச்சு, ஞாபகம் தடுமாறுது என்றார். எனக்கா! என் கல்யாணத்தில் உன் அத்தை உதட்டைப் பிதுக்கினபோது எந்தத் தூணில் சாய்ந்திருந்தாள் என்றுகூடச் சொல்வேன். இன்ஜினியரும் சிரித்துவிட்டு அக்கா சுவரில் சிவப்பு பெயிண்டில் குறி போட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து அவள் வீட்டில் மெஷின் சத்தம் இல்லை. வீட்டுக்கு வந்து கேட்டால், தம்பியை நடுத்தெருவில் விடவா என்கிறார் உங்கப்பா.

நீ ரெண்டாம் வகுப்பில் படிக்கும்போது செருப்பைப் பிடிக்கப்போய் வாய்க்காலில் விழுந்தாயே, மெஷினை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து இழுத்தவள் இந்த அக்காதான். உன் முழங்காலைக் கிழித்த மதகுக் கல் இன்னும் சித்தப்பா வீட்டுப் பின்சுவரை ஒட்டி நிற்கிறது, துணிக்கொடி கட்டியிருக்கிறார்கள். இன்ஜினியர் நம்பரை அக்கா கேட்டு வாங்கினாள், இதோடு வைத்திருக்கிறேன். இடிக்க வருவதற்குள் நீ போன் போட்டு, நான் விழுந்த இடம் அந்தக் கல்லுக்கிட்டதான், போய்ப் பாருங்கள் என்று சொல். சின்ன வயசு, ஞாபகம் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதே, தழும்பு உன் காலில்தான் இருக்கிறது. போன் உங்கப்பா சட்டைப்பையிலேயே கிடக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

பேத்திக்கு இருமல் என்றாயே, தலையை நன்றாகத் துவட்டிவிடு. நீங்கள் மூன்று பேரும் நூறு வயசு நன்றாக இருக்கணும். சித்தப்பா தன் வீடு போய்விடுமே என்று பயந்து நின்றார், கண்டக்டர் பிறவிக் கோழை, அவர்களை என்றைக்காவது மன்னித்தாலும் மன்னிப்பேன். கூடவே வாழ்ந்து, எனக்கு எதுவும் மறக்காது என்று தெரிந்தே நாலு பேர் முன்னால் என்னைப் பைத்தியமாக்கின உங்கப்பாவை மட்டும் மன்னிக்கமாட்டேன்.

இப்படிக்கு,
ஞாபகம் தடுமாறாத உன் அம்மா