ஜெபம் வாசித்தார்

சேசு மரி சூசை துணை

20.8.98, வியாழன், பகல் ஒரு மணி

அன்பு மகள் லின்சிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, கன்று ஈன்ற செவலைப் பசு எல்லோரும் உடம்பளவில் சுகம், சிங்கப்பூரில் நீயும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். மனசளவில் எப்படி என்று கேட்காதே, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், மூன்று மணிக்குள் எழுதி முடிக்க வேண்டும். உன் கடிதம் வந்தது. அடுத்த மாதம் ஆபீசில் நாற்பது பேர் முன்னால் நின்று நீ செய்த வேலையைப் பற்றிப் பேச வேண்டும், போன தடவை நாக்கு ஒட்டிக்கொண்டு பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன், இந்தத் தடவை வேறு யாரையாவது பேசச் சொல்லிவிடலாமா அம்மா என்று கேட்டிருக்கிறாய். கேட்க வேறு ஆள் கிடைக்கவில்லையா உனக்கு. நான் பஞ்சாயத்து மெம்பர் ஆகி இரண்டு வருஷம் ஆகப் போகிறது, இதுவரை கூட்டத்தில் நான் திறந்தது வெற்றிலைப் பையை மட்டும்தான். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு என்பதால் அப்பா என்னை நிற்க வைத்தார், ஜெயித்தது நான், பேசுவது அவர். ஊரில் மெம்பர் என்றால் அவர்தான், என்னை மெம்பர் வீட்டம்மா என்கிறார்கள். எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

இப்போது வந்திருக்கிற விவகாரம் இறால் குட்டை. ஒரு மெட்ராஸ் கம்பெனி கடல் பக்கத்து நிலத்தையெல்லாம் குத்தகைக்கு எடுத்து, உப்புத் தண்ணீர் தேக்கி இறால் வளர்க்கக் குட்டை வெட்டப் போகிறதாம், அதற்குக் கிராம சபையில் தீர்மானம் போட வேண்டுமாம். நம் கீழக்கொல்லையையும் தருவதாக அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை, கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராமல் அந்த வயலில் சம்பா கருகியதை நீயும் பார்த்திருக்கிறாய். ஆனால் கொல்லைக்கு அடுத்தாற்போல்தான் நம் வார்டின் நல்ல தண்ணீர்க் கிணறு, இருபத்தெட்டு வீட்டுக்கும் அது ஒன்றுதான். உன் சித்தி வாழ்க்கைப்பட்ட ஊரில் குட்டை வெட்டிய இரண்டாம் வருஷமே கிணறெல்லாம் உப்பாகி, இப்போது லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்துக் கிடக்கிறார்கள். நம் தெருக்கோடி ரெங்கம்மாள் கிணற்றடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள், "எங்க ஓட்டுல ஜெயிச்சது நீங்கதானக்கா, நீங்க சொல்லுங்க" என்றாள். அப்பாவிடம் சொன்னேன், நீ சும்மா உட்கார்ந்திரு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முடித்துவிட்டார்.

போன சனிக்கிழமை ஆகஸ்ட் பதினைந்து, சுதந்திர தினக் கொடியேற்றமும் மாதா திருநாளும் ஒரே நாள் என்று உனக்குத் தெரியும். காலைப் பூசையில் முதல் வாசகம் நான்தான் வாசித்தேன். அதில் எனக்குப் பயமே கிடையாது, எழுதியிருப்பதை வாசிப்பதுதானே, சொல்வது நான் இல்லையே. பதினோரு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் கிராம சபை. தலைவர் இராஜாங்கம் தீர்மானத்தைப் படித்துவிட்டு நம் மூன்றாம் வார்டுக்குச் சம்மதமா என்று கேட்டார், அப்பா எழுந்தார், எப்படி என்று தெரியவில்லை, நானும் எழுந்துவிட்டேன். யாரோ மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்கள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த தாளைப் பிரித்தேன், நாலே வரி, கிணற்றைப் பற்றி. குரல் கோயிலில் வாசிக்கிற அதே ராகத்தில் போகிறது, மாற்ற முடியவில்லை. வாசித்து முடித்துத் தாளை மடித்தேன், பூசையில் வாசகத்தை முடிக்கிற மாதிரியே வாய் தானாகச் சொல்லிவிட்டது லின்சி, "இது ஆண்டவரின் அருள்வாக்கு." அப்புறம் கூட்டத்தில் இருந்த நம் ஆட்கள், அவர்களும் காலையில் பூசை கண்டுவிட்டு வந்தவர்கள்தானே, கோயிலில் பதில் சொல்கிற பழக்க தோஷத்தில் ஒரே குரலாக "இறைவா உமக்கு நன்றி" என்றார்கள். பிறகு சிரித்தார்கள் பார், கம்பெனிக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சிரிப்பு அடங்கவே இல்லை, கூட்டத்தை இன்றைக்குத் தள்ளி வைத்தார்கள். நான் வீட்டுக்கு வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதேன்.

அன்றிலிருந்து ரேஷன் கடைக்குப் போனாலும் எவனாவது இறைவா உமக்கு நன்றி என்கிறான். அப்பா ஐந்து நாளாக என்னோடு பேசவில்லை, போட்டதைச் சாப்பிடுகிறார், எழுந்து போகிறார். ரெங்கம்மாள் மட்டும் வந்து, மனுவில் கையெழுத்துக் கேட்டால் ஓடி ஒளிகிறவர்கள் எல்லாம் கேட்காமலே வாயைத் திறந்து உங்கள் பேச்சுக்குச் சம்மதம் சொல்லிவிட்டார்களே அக்கா என்று என்னைச் சிரிக்க வைத்தாள். அந்தச் சிரிப்பும் நேற்றுப் போய்விட்டது. பஞ்சாயத்து கிளார்க் வீரையனிடம் தீர்மான நோட்டை வாங்கிப் பார்த்தேன். கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூன்றாவது வார்டு உறுப்பினர் ஜெபம் வாசித்தார் என்று எழுதியிருக்கிறான். என்னப்பா இது, நான் ஆட்சேபணை அல்லவா சொன்னேன் என்றால், "காதுல அப்படித்தாம்மா விழுந்துச்சு, நாளைக்குக் கூட்டத்துல உங்க வாயால சொல்லுங்க, எழுதிக்கிறேன், யாரும் சொல்லலேன்னா தீர்மானம் பாஸ்" என்றான். இன்று மூன்று மணிக்கு நான் வாயைத் திறக்காவிட்டால் கிணறு போயிற்று.

ஐந்து நாளாக யோசித்ததில் ஒன்று ஞாபகம் வந்து என்னைப் பிடுங்குகிறது. நீ ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது ஆண்டு விழாவுக்கு வந்த பெரியவர், பிள்ளைகளே ஏதாவது கேளுங்கள் என்றதும் நீ எழுந்து, பெண்பிள்ளைகளுக்கு ஏன் கக்கூஸ் இல்லை என்று கேட்டாய். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் இருந்த நான் உன் தொடையில் கிள்ளி உட்கார வைத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ரத்தம் கட்டியிருந்தது, விளக்கெண்ணெய் தடவிவிட்டேன், நீ கேட்டது சரிதான் என்று மட்டும் சொல்லவில்லை. அதற்கப்புறம் நீ எந்தக் கூட்டத்திலும் எழுந்து நின்றதாக எனக்கு நினைவில்லை. உன் நாக்கை ஒட்ட வைத்தது இந்த விரல்தான் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. மன்னித்துக்கொள் கண்ணு. பயப்படாதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, எனக்கே பயம்தான். ஊர் சிரிப்பது கூடப் பரவாயில்லை, ஊர் முன்னால் அப்பாவுக்கு எதிராகப் பேச வேண்டுமே. இந்தத் தடவை தாள் எடுத்துப் போகவில்லை, தாளைப் பிடித்தால் கோயில் ராகம் வந்துவிடும். அதனால் உன்னிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். நான் மரியபுஷ்பம், மூன்றாம் வார்டு மெம்பர். இறால் குட்டைக்கு எங்கள் வீட்டுக்காரருக்குச் சம்மதம். எனக்குச் சம்மதம் இல்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். எழுத்து கோணிவிட்டது பார், ஆனாலும் முழுசாகச் சொல்லிவிட்டேன்.

மணி இரண்டரை. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்துவிட்டார், எப்போதும் என்னைப் பின்னால் உட்கார வைத்துத்தான் போவார், இன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் நடந்து போகிறேன், போகிற வழியில் இதைப் பெட்டியில் போட்டுவிடுவேன், என்ன ஆயிற்று என்று இதில் இருக்காது. மாதா உன்னைக் காக்கட்டும், உன் நெற்றியில் சிலுவை வரைந்ததாக வைத்துக்கொள். வெறும் வயிற்றில் காபியைக் குடித்துவிட்டு ஓடாதே. நீ பேசுவதாக இருந்தால் தேதியும் மணியும் மறக்காமல் எழுது. கடைசியில், அப்பா உன்னை ரொம்ப விசாரித்தார் என்று எப்போதும் எழுதுவேன். இந்தத் தடவை அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவருக்காக நான் சொல்லவும் போவதில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
மரியபுஷ்பம்