எல்லாரும் வந்த பிறகு

என் நெஞ்சு நிறைந்த அம்மாவுக்கு,

ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியேறிய சென் ஜேம்ஸ் ரவுணில், எங்கள் கட்டடத்தின் பேஸ்மென்ற் மண்டபத்தில் நீங்கள் நடத்திய ஞாயிறு ஆராதனை மறுபடி தொடங்கிவிட்டது. அது தொடங்கிய விதத்தை உங்களைத் தவிர வேறு யாரிடம் கேட்பது?

நீங்கள் இருந்தவரை ஒரே சட்டம்தான். கடைசி ஆள் வந்து சேரும்வரை பாட்டுத் தொடங்கக் கூடாது. எழுந்து நின்று, "எல்லாரும் வந்திட்டினமோ?" என்று கேட்பீர்கள். எல்லாரும் "ஓம்" சொன்னால்தான் முதல் கீர்த்தனை. தொழிற்சாலை வேலை முடிந்து பஸ் பிடித்து வரும் அருள் அங்கிளுக்காக எத்தனை ஞாயிறு பசியோடு காத்திருந்தோம்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு ஒருநாள் ராணி அன்ரி பொறுமையிழந்து தொடங்கிவிட்டார். அருள் அங்கிள் வந்தபோது பாட்டுப் பாதி முடிந்திருந்தது. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனார். அவரோடு பாதிப் பேர் தூரத்து டோர்செட் பார்க்கில் ஒரு வீட்டில் கூடினார்கள். மிஞ்சியவர்களும் ஒவ்வொருவராய் நின்றுபோக, மண்டபம் பூட்டிக் கிடந்தது.

சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே எழுந்து நடந்து வெளியேறிய செய்தி வந்த கிழமை, அருள் அங்கிள் அன்ரிக்கு ரெலிபோன் எடுத்தார். "அங்க கோயில் எல்லாம் பூட்டிக் கிடக்குது. இங்க நாங்களாப் பூட்டி வைச்சிருக்கிறம்," என்றாராம். "நீங்கள் நேரத்துக்கு வந்திருந்தால் ஏன் உந்தப் பூட்டு?" என்று கேட்டுவிட்டு அன்ரி அழுதாராம்.

மண்டபத்தில் மறுபடி கூடும் முதல் ஞாயிறு வேதம் வாசிக்க என்னைக் கேட்டார்கள். பாபிலோனிலிருந்து திரும்பிய யூதர்கள், சுற்றியிருந்தவர்களுக்குப் பயந்தபடியே ஒரே மனதாய்க் கூடி, பலிபீடத்தைப் பழைய இடத்திலேயே கட்டிய பகுதியைத் தெரிந்தெடுத்தேன். ஆலயம் இன்னும் இல்லை. எழுதியிருந்தபடி செய்தார்கள், அவ்வளவுதான்.

நூலகத்தில் இன்னொன்றும் படித்தேன், அம்மா. பின்னர் ஆலயம் எழும்பியபோது, உள்ளறையில் வைக்க, கடவுளே அங்கிருப்பதன் அடையாளமான உடன்படிக்கைப் பெட்டி இருக்கவில்லை. அது தொலைந்துவிட்டது. ஆனாலும் ஆண்டுக்கொருமுறை பிரதான ஆசாரியன் தூபத்தோடு அந்த வெற்று அறைக்குள் போனான். அங்கே யார் முன் நின்றான்?

அந்த ஞாயிறு இரு பக்கத்தாரும் வந்தார்கள். அருள் அங்கிள்தான் முதல் ஆள். "நீர் எழும்பிக் கேளும் பிள்ளை," என்றார் ராணி அன்ரி.

கேட்டேன். ஒருவரும் "ஓம்" சொல்லவில்லை.

கதிரைகள் நிறைந்திருந்தன. வரவேண்டியவர் யாரும் மிச்சமில்லை. ஆனாலும் எல்லா முகங்களும் திறந்திருந்த கதவுப்பக்கம் திரும்பியிருந்தன, சின்னப் பிள்ளைகளினதுகூட. யாரும் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை. இப்படியே எழுந்து போனால் இனி ஒருநாளும் சேரமாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் இன்னொரு தரம் கேட்கத் துணிவு வரவில்லை.

வெளியே லிஃப்ற் இறங்கி வந்தது. அதன் கதவு திறந்து, நெடுநேரம் அப்படியே நின்று, மூடியது. நடையில் ஒருவரும் இல்லை. வாசலருகே இருந்த அருள் அங்கிள் நீட்டியிருந்த கால்களை மடக்கி வழி விட்டார். யாரும் அவரை விசித்திரமாய்ப் பார்க்கவில்லை.

"ஓம்," என்றார்கள். ஒரே குரல்.

பிறகு எழுந்த சத்தத்தில் பாட்டு எது, அழுகை எது என்று பிரிக்க முடியவில்லை. யூதர்கள் அத்திவாரம் போட்ட நாளிலும் அப்படித்தான் கேட்டதாம். ஒருநாளும் பாடாத என் வாயும் பாடிக்கொண்டிருந்ததை இரண்டாம் அடியில்தான் கவனித்தேன்.

மண்டபத்தைப் பூட்டும் திறப்பு இப்போது என்னிடம். கடைசியாய் வெளியேறுவது நான். உங்களை உள்ளே வைத்துப் பூட்டிவிடக் கூடாதே என்று, லைற்றை நிற்பாட்டிய பிறகும் கதவைப் பிடித்தபடி நிற்கிறேன். எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் அம்மா? எனக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் நிற்பேன்.

உங்கள் மகள்,
சுதா